சிறுநீரக நோயும் குருதிச் சோகையும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

கரக்பூர் வாழ் தமிழன்பர்களே!

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவோர் உளர். இசை பாடுவோர் உளர். நாடகம் நடிப்போரும் உளர். இவற்றுள் ஒன்றிலும் பழக்கமில்லாத எமக்கும் செயலாளர் அவர்கள் அரைமணி நேரம் ஒதுக்கி, “குடும்பத்தார்க்குப் பயன்படக்கூடிய ஒன்றைப் பேசுக” எனப் பணித்தார்கள். யாம் மருத்துவம் பயின்றவரல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு ஏட்டுக் கல்வியை நிறுத்திக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிந்து வருகின்றோம். எனினும், முன்பதிவுச் சாளரத்திற்குப் பின்னே நெடுங்காலம் அமர்ந்திருப்போர்க்கு ஒருவகைக் கல்வி தானாகவே வந்து சேர்கின்றது. அக்கல்வியோடு, மருத்துவர்களை அணுகிக் கேட்டும் நூல்களைப் படித்தும் அறிந்தவற்றைச் சேர்த்து இன்று உங்கள் முன் வைக்கின்றோம். நோயுற்றவர்க்கு மருந்து கூறுவது எம் நோக்கமன்று. மருத்துவரிடம் செல்லவேண்டிய நேரத்தில் செல்லாமல் காலங்கடத்தும் பழக்கத்தை நம்மவர் கைவிடவேண்டும் என்பதே எம் நோக்கம்.

சிறுநீரக நோயாளர் குருதித் தூய்மைக்காகவோ மாற்றுச் சிறுநீரக அறுவைக்காகவோ பயணம் செய்யும்போது, இரயில்வே கட்டணச் சலுகை வழங்குகின்றது என்பதை உங்களிற் பலர் அறிவீர்கள். படுக்கை வகுப்பிலும் குளிரூட்டப்பெற்ற மூன்றடுக்கு வகுப்பிலும் நூற்றுக்கு 75 பங்கு தள்ளுபடி. உடன் செல்லும் ஒருவர்க்கும் அச்சலுகை உண்டு. மருத்துவமனைச் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் அவர்களுள் பெரும்பாலோர் கேட்கும் ஊர் காட்பாடி. 1971-ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை நிகழ்ந்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை நாடி, வங்காளத்தினின்றும் ஒடிசாவினின்றும் மக்கள் இன்றளவும் சென்றுகொண்டேயிருக்கின்றனர். நாம் தமிழகத்தைவிட்டுப் பிழைப்பு நாடி வங்கம் வந்தோம். வங்கத்தார் உயிர் நாடித் தமிழகம் செல்கின்றனர். இடையே சீட்டு எழுதிக் கொடுக்கும் பணி நம்மவர்க்கு வாய்த்திருக்கின்றது.

அப்பயணிகளின் முகங்களைக் கண்டவர்க்கு ஓர் உண்மை புலப்படும். நோய் சிறுநீரகத்தில் இருப்பதாகச் சான்றிதழ் கூறும். ஆனால் அவர்தம் முகமோ வெளிறியிருக்கும். உதடும் நகமும் நிறமிழந்திருக்கும். வரிசையில் பத்து நிமிடம் நிற்க இயலாது சுவரிற் சாய்வர். “என்ன செய்கிறது?” என்று வினவினால், “மூச்சு வாங்குகிறது, படி ஏற முடியவில்லை” என்பார்களேயன்றிச் சிறுநீரைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. சிறுநீரைப் பிரிக்கும் உறுப்பு பழுதானால் குருதி ஏன் வெளிறவேண்டும்? இவ்வினாவிற்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நம் உடலில் சிறுநீரகங்கள் இரண்டு. நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடித்து, வேண்டுவதைத் திரும்ப ஏற்றுக்கொண்டு, வேண்டாததை ஒன்றிரண்டு லிட்டர் சிறுநீராக வெளியேற்றுகின்றன. இது யாவரும் அறிந்த தொழில். பலரும் அறியாத மற்றொரு தொழிலும் அவற்றிற்கு உண்டு. எலும்பின் உள்ளே இருக்கும் மச்சைக்குச் சிவப்பணுக்களை உண்டாக்குமாறு ஆணையிடும் ‘எரித்ரோபொய்ட்டின்’ என்னும் சுரப்புப் பொருளைப் பெரும்பகுதி உண்டாக்குவனவும் சிறுநீரகங்களே. கல்லீரலும் சிறிது உண்டாக்கும். ஆனால் அது போதாது.

நம் ஊர் வழக்கில் சொல்வோமாயின், சிவப்பணுக்கள் சரக்கு வண்டிகளைப் போன்றன. நுரையீரலிலே உயிர்க்காற்றை ஏற்றிக்கொண்டு உடலெங்கும் இறக்கி வருவன. எலும்பு மச்சை அவ்வண்டிகளைக் கட்டும் பணிமனை. அப்பணிமனையில் நொடிக்கு ஏறத்தாழ 20 இலட்சம் அணுக்கள் உருவாகின்றன. ஒவ்வோர் அணுவும் ஏறத்தாழ 120 நாள் ஓடித் தேய்ந்து அழிகின்றது. எத்தனை வண்டி தேவை என்று கணக்குப் பார்த்துப் பணிமனைக்குக் கேட்புச் சீட்டு அனுப்பும் அலுவலகமே சிறுநீரகம். அலுவலகம் பாழடைந்தால், பணிமனையில் ஆளும் உலையும் இருந்தும் கட்டளை வாராமையால் வேலை நின்றுவிடும். சிறுநீரக நோயில் சோகை தோன்றுவதற்கு மூல காரணம் இதுவே.

இவ்வுண்மையைக் கண்டறிய மருத்துவ உலகிற்கு நூறாண்டுக்கு மேல் தேவைப்பட்டது. இலண்டனில் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ரிச்சர்ட் பிரைட் என்னும் மருத்துவர், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே சிறுநீரக நோயாளரின் முகம் வெளிறுவதைக் குறித்து வைத்தார். 1906-ஆம் ஆண்டில் பாரிசு நகரத்துக் கார்னோ, தெஃப்லாந்தர் என்னும் இருவர், குருதி ஆக்கத்தைத் தூண்டும் பொருள் ஒன்று உடலில் உண்டு என்று கருதினர். 1957-ஆம் ஆண்டில் சிகாகோவில் ஜேக்கப்சனும் கோல்ட்வாசரும் அவர்தம் துணைவரும் எலிகளைக்கொண்டு ஆராய்ந்து, சிறுநீரகத்தை நீக்கிய பின்னர் அப்பொருள் உண்டாவதில்லை என்று காட்டினர். அதனைத் தனித்துப் பிரித்தெடுக்க மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. சோகை நோயாளரிடமிருந்து சேர்த்த 2,550 லிட்டர் சிறுநீரினின்று சில மில்லி கிராம் தூய பொருளை 1977-இல் பெற்றனர். பின்னர் அதன் மரபணு கண்டறியப்பெற்று, 1980-களின் இறுதியில் ஊசி மருந்தாக நோயாளர் கைக்கு வந்தது. உடல் உயிர்க்காற்றின் குறைவை எவ்வாறு உணர்ந்து இப்பொருளைச் சுரக்கின்றது என்னும் நுட்பத்தைத் தெளிவாக்கிய கேலின், ராட்கிளிஃப், செமென்சா ஆகிய மூவர்க்கும் 2019-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

நிற்க. சிறுநீரக நோயர் எல்லோர்க்கும் ஒரே காலத்தில், ஒரே அளவில் சோகை வருவதில்லை. ஒருவர் நெடுங்காலம் நல்ல நிறத்தோடு நடமாடுகின்றார்; மற்றொருவர் நோயின் நடுக்கட்டத்திலேயே தளர்ந்து விழுகின்றார். இவ்வேற்றுமைக்குக் காரணங்கள் பல. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, சிறுநீரகத்தின் எஞ்சிய ஆற்றல். மருத்துவர் குருதியில் ‘கிரியேட்டினின்’ அளவைப் பார்த்துச் சிறுநீரகம் நிமிடத்திற்கு எத்தனை மில்லி லிட்டர் வடிக்கின்றது என்று கணக்கிடுவர். நல்ல நிலையில் அவ்வெண் 90-க்கு மேல் இருக்கும். 60-க்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் சோகை தலைகாட்டும். 30-க்குக் கீழே அது பலர்க்கும் நேரும். 15-க்குக் கீழே சென்றவருள் அது இல்லாதவரைக் காண்பது அரிது. ஆண்மக்கட்கு ஹீமோகுளோபின் டெசி லிட்டருக்கு 13 கிராமுக்குக் குறைந்தாலும், கருவுறாத பெண்டிர்க்கு 12 கிராமுக்குக் குறைந்தாலும் சோகை என்று கொள்ளவேண்டும்.

இரண்டாவது, நீரிழிவு. இந்நாட்டில் நாட்பட்ட சிறுநீரக நோய்க்குத் தலையாய காரணம் இதுவே. அதுமட்டுமன்று; சிறுநீரகம் ஒரே அளவு பழுதுற்ற இருவருள், நீரிழிவு உடையவர்க்கே சோகை முன்னதாகவும் மிகுதியாகவும் வருகின்றது. சர்க்கரை நோய்க்கெனப் பன்னெடுங்காலம் ‘மெட்ஃபார்மின்’ மாத்திரை உட்கொள்வோர்க்கு ‘பி-12’ என்னும் உயிர்ச்சத்து குறைவதும் உண்டு. அதுவும் சோகைக்கு வழிகோலும். மரக்கறி மட்டுமே உண்பவராயின் அக்குறைவு இன்னும் எளிதில் நேரும். இதனைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். குருதியைச் சோதித்து, குறைவிருந்தால் அதனை நிரப்பிக்கொள்வதே முறை.

மூன்றாவது, இரும்புச் சத்தின் குறைவு. கேட்புச் சீட்டு வந்தாலும் இரும்பில்லாமல் வண்டி கட்ட இயலுமோ? இயலாது. உணவில் விருப்பம் குன்றுதல், வயிற்றுப் புண்ணிலிருந்து சிறுகச் சிறுகக் குருதி கசிதல், கொக்கிப் புழு, மூலம், பெண்டிர்க்கு மாதவிடாய்ப் பெருக்கு ஆகியன இரும்பைக் கரைப்பன. குருதித் தூய்மை செய்துகொள்வோர் நிலை இன்னும் கடிது. இயந்திரத்தின் குழாய்களில் தங்கிவிடும் குருதி, சோதனைக்காக அடிக்கடி எடுக்கும் குருதி ஆகியவற்றால் ஓராண்டில் 1 கிராம் முதல் 3 கிராம் வரை இரும்பை அவர்கள் இழக்கின்றனர். ஒரு மனிதனின் உடலில் உள்ள மொத்த இரும்பே 3 அல்லது 4 கிராம்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் இவ்விழப்பின் பெருமை விளங்கும்.

நான்காவது, இரும்பு இருந்தும் கிட்டாமை. இது சற்று நுட்பமானது. கல்லீரல் ‘ஹெப்சிடின்’ என்னும் பொருளைச் சுரக்கின்றது. அது சரக்குக் கிடங்கின் கதவைப் பூட்டும் காவலரைப் போன்றது. உடலில் அழற்சியோ தொற்றோ இருந்தால் அப்பொருள் பெருகும். அதனை வெளியேற்றவேண்டிய சிறுநீரகம் பழுதானாலும் பெருகும். அப்பொழுது உண்ட இரும்பு குடலிலிருந்து குருதிக்கு ஏறாது. கிடங்கில் உள்ள இரும்பும் வெளிவராது. ‘ஃபெரிட்டின்’ என்னும் சோதனை கிடங்கின் இருப்பைக் காட்டுவது. அழற்சி உள்ளபோது அவ்வெண் உயர்ந்து நின்று, இருப்பு நிறைய உள்ளதாக நம்மை மயக்கும். இருப்பேட்டில் எண் இருந்தும் பணிமனைக்குச் சரக்கு வந்து சேரவில்லையெனில் பயன் யாது? ஆதலால் மருத்துவர், ஓடிக்கொண்டிருக்கும் இரும்பின் அளவைக் காட்டும் ‘டிரான்ஸ்ஃபெரின்’ செறிவையும் சேர்த்தே பார்ப்பர்.

ஐந்தாவது, தொற்றும் அழற்சியும். ஆறாத கால் புண், சொத்தைப் பல், ஈறு வீக்கம், காச நோய், குருதித் தூய்மைக்காகக் கழுத்தில் நெடுநாள் வைத்திருக்கும் குழாய் ஆகிய இவையெல்லாம் உள்ளே அழற்சியை மூட்டுவன. மருந்து செலுத்தியும் ஒருவர்க்குக் குருதி ஏறவில்லையெனின், மறைந்திருக்கும் தொற்றை மருத்துவர் தேடுவது இதன் பொருட்டே.

ஆறாவது, பெண்மை. 2019 முதல் 2021 வரை நிகழ்ந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்டிருள் நூற்றுக்கு 57 பேர் சோகையுடையவர். ஆடவருள் நூற்றுக்கு 25 பேர். ஏற்கெனவே குருதி குன்றியவர்க்குச் சிறுநீரகமும் பழுதானால் நிலை என்னாகும்? எல்லோர்க்கும் பரிமாறிவிட்டு எஞ்சியதை உண்ணும் நம் தாய்மார், தம் களைப்பை நோயாகக் கருதுவதேயில்லை. “வேலை அதிகம், அதனால் தளர்ச்சி” என்று தாமே தீர்ப்பும் எழுதிக்கொள்கின்றனர். வீட்டிலுள்ள ஆடவர் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும்.

ஏழாவது, மருந்துகள் சில. முழங்கால் வலிக்கும் முதுகு வலிக்கும் கடையிலே கேட்டு வாங்கி விழுங்கும் ‘டைக்ளோஃபெனாக்’, ‘ஐபுபுரூஃபென்’ போன்ற மாத்திரைகள் இருமுனைக் கத்தியாவன. ஒருபுறம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மறுபுறம் வயிற்றைப் புண்ணாக்கிக் குருதி கசியச் செய்யும். ஈயமும் பாதரசமும் கலந்த, பெயரறியாப் பொடிகளும் பற்பங்களும் அவ்வாறே தீங்கு செய்வன. குருதி அழுத்தத்திற்கெனச் சிறுநீரக நோயர்க்குக் கொடுக்கப்படும் சில நல்ல மருந்துகளும் ஹீமோகுளோபினைச் சிறிது தாழ்த்தக்கூடும். ஆனால் அவை சிறுநீரகத்தைக் காப்பன. ஆதலால் அவற்றைத் தாமாக நிறுத்துதல் கூடாது.

எட்டாவது, குருதித் தூய்மை போதாமை. வாரம் மும்முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் என்பது பொதுவான அளவு. பொருளின்மையாலும் தொலைவினாலும் இருமுறையோடு நிறுத்திக்கொள்வோர் நம் நாட்டில் பலர். கழிவுகள் தேங்கிய குருதியில் சிவப்பணுக்கள் 120 நாள் வாழ்வதில்லை, விரைவில் மடிகின்றன. இயந்திரத்திற்குச் செல்லும் நீர் முறையாகத் தூய்மை செய்யப்பெறாமல் குளோரமீனோ அலுமினியமோ கலந்திருந்தாலும் குருதிக்குக் கேடு விளையும்.

ஒன்பதாவது, பாஸ்பரம் மிகுந்து, கழுத்திலுள்ள இணைகேடயச் சுரப்பி அளவுக்குமேல் சுரத்தல். இதனால் எலும்பு கெட்டு, மச்சையும் தழும்பேறும்; பணிமனையே சுருங்கிவிடும். இறுதியாக, பிறவியிலேயே அமைந்த குருதிக் குறைகள். வங்காளப் பகுதியில் தலசீமியாவும் ‘ஹீமோகுளோபின்-ஈ’ என்னும் குறையும் மிகுதி. இவையுடையவர்க்கு இரும்பு மாத்திரை மட்டும் நிறம் தாராது.

அன்பர்களே! காரணங்கள் இத்தனை இருக்க, நம் வீடுகளில் கையாளப்பெறும் மருந்து யாது? சோகை என்றதும் முருங்கைக் கீரை, பேரீச்சம்பழம், மாதுளை, பீட்ரூட்டுச் சாறு, வெல்லம் என்று பட்டியல் வந்துவிடுகின்றது. சிறுநீரகம் நன்றாக உள்ளவர்க்கு இவை நல்லனவே. ஆனால் சிறுநீரகம் தளர்ந்தவர்க்கு நிலைமை வேறு. கீரையிலும் பழத்திலும் பொட்டாசியம் மிகுதி. அதனை வெளியேற்ற இயலாத உடலில் அது தேங்கி, நெஞ்சத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். நெல்லிக்காயின் உயிர்ச்சத்து ‘சி’ இரும்பு ஏறத் துணைசெய்யும் என்பது மெய்யே. எனினும் அளவு மிஞ்சினால் ஆக்சலேட்டாகப் படிந்து சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். இவ்வூர்ச் சந்தையிற் கிடைக்கும் காம்ரங்கா என்னும் ஐந்து விளிம்புப் பழம் சிறுநீரக நோயர்க்கு நஞ்சேயாகும். விக்கலிற் தொடங்கி அறிவு மயக்கத்திலும் வலிப்பிலும் கொண்டுவிட்டு, உயிரையும் வாங்கும். அன்பின் மிகுதியால் நாம் ஊட்டும் உணவு, அன்புக்குரியவரையே மாய்த்துவிடக் கூடாது. இன்ன உணவு, இவ்வளவு என்பதை உணவியல் அறிந்தவரிடம் கேட்டே முடிவு செய்யவேண்டும்.

எம் நண்பர் ஒருவரின் செய்தியை ஈண்டுக் கூறுதல் பொருந்தும், பெயர் வேண்டா. பணிமனையில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவுடையவர். இரண்டாண்டுகளுக்கு முன்னர், நிலையத்தின் மேம்பாலம் ஏறுகையில் பாதியிலே நிற்கலானார். “வயது ஆகிவிட்டது” என்றனர் சுற்றத்தார். கடைக்காரர் ஒருவர் குருதி ஊறும் என்று கூறி ஒரு புட்டி மருந்து கொடுத்தார். எட்டுத் திங்கள் அது தொடர்ந்தது. புட்டிகள் மாறினவே தவிர, மூச்சு வாங்குதல் மாறவில்லை. கால் வீங்கிய பின்னரே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். ஹீமோகுளோபின் 7.8, கிரியேட்டினின் 5.6. சிறுநீரகங்கள் பெரும்பகுதி அழிந்துவிட்டிருந்தன. எட்டுத் திங்கட்கு முன்னரே ஒரு சிறு குருதிச் சோதனையும் சிறுநீர்ச் சோதனையும் செய்திருந்தால், அழிவின் வேகத்தை மட்டுப்படுத்தியிருக்கலாம் என்று மருத்துவர் வருந்தினார்.

அவர்தம் உறவினர் உடனே குருதி ஏற்றுமாறு வேண்டினர். மருத்துவர் இசையவில்லை. காரணம் வினவியபோது அவர் கூறியது நாம் அனைவரும் அறிந்துகொள்ளத்தக்கது. நோயரின் இளவல் தம் சிறுநீரகத்தை அளிக்க முன்வந்திருந்தார். பிறர் குருதியை ஏற்றினால், அயல் உறுப்பை எதிர்க்கும் ஆற்றல் உடலில் தூண்டப்பெற்றுப் பின்னர் மாற்றுச் சிறுநீரகம் பொருந்தாமற் போகக்கூடும். உயிருக்கு உடனடி இடர் நேரும்போது குருதி ஏற்றுவதில் தயக்கம் வேண்டா. ஏனையபோது தவிர்ப்பதே நலம் என்றார். ஆதலால் முதலில் இரும்பை நரம்பின் வழிச் செலுத்தி, பின்னர் எரித்ரோபொய்ட்டின் ஊசியைத் தொடங்கினார். ஏறத்தாழ மூன்று திங்களில் ஹீமோகுளோபின் 10.4 ஆயிற்று. ஒரு காலத்தில் உலகிலேயே நீளமானது எனப் பெயர் பெற்றிருந்த நம் நிலையத்தின் 1,072 மீட்டர் நடைமேடையில், நில்லாமல் நடக்கும் வலிமை அவர்க்கு மீண்டது. சிறுநீரகம் மீளவில்லை, மாற்று அறுவைக்கான சோதனைகள் நடந்து வருகின்றன. ஆயினும் காத்திருக்கும் காலத்தை மனிதராக நடமாடிக் கழிக்கும் நிலை அவர்க்குக் கிட்டியிருக்கின்றது.

“பத்துக்கு ஏறியது நன்று; பதினைந்துக்கு ஏற்றினால் இன்னும் நன்றன்றோ?” என அவர் மகன் வினவினார். இவ்வினா மருத்துவ உலகிலும் எழுந்ததே. 2006-ஆம் ஆண்டிலும் 2009-ஆம் ஆண்டிலும் வெளிவந்த பெரும் ஆராய்ச்சிகள், ஊசி மருந்தால் ஹீமோகுளோபினை 13-க்கு உயர்த்த முயன்றோர்க்கு நன்மை விளையாததோடு, நெஞ்ச நோயும் மூளைக் குருதித் தடையும் மிகுதியாவதைக் காட்டின. ஆகவே, பொதுவாக 10-க்கும் 11.5-க்கும் இடையே நிறுத்துவதே இன்றைய வழக்கு. அமிழ்தும் அளவோடுதான். அண்மைக் காலத்தில் விழுங்கும் மாத்திரைகளும் வந்துள்ளன. 2022-ஆம் ஆண்டில் ‘டெசிடுஸ்டாட்’ என்னும் மாத்திரைக்கு இந்திய அரசு இசைவு அளித்தது. இவை எவர்க்கு ஏற்றன என்பதை மருத்துவரே கூறல்வேண்டும்.

சோகையைப் பொறுத்துக்கொண்டிருந்தால் என்ன கேடு என்று சிலர் எண்ணலாம். வண்டிகள் குறைந்தால், உள்ள வண்டிகளையே விரைந்து ஓட்டித்தானே சரக்கை நகர்த்தவேண்டும்? அவ்வாறே நெஞ்சம் மிகையாக உழைக்கின்றது. அதன் சுவர் தடிக்கின்றது. நாளடைவில் அது தளர்கின்றது. சிறுநீரக நோயருள் பலரைக் கொண்டுசெல்வது நெஞ்ச நோயே. ஆதலால் சோகையை வெறும் களைப்பு என்று தள்ளிவிடுதல் அறிவுடைமையாகாது.

சென்னைக்குச் செல்லும் நம் வழித்தடத்தில், ஆந்திர மாநிலத்தின் சீகாகுளம் மாவட்டத்துள், பலாசா, சோம்பேட்டை, இச்சாபுரம் என்னும் நிலையங்களைக் கடந்திருப்பீர்கள். முந்திரியும் தென்னையும் செழித்து நிற்கும் அழகிய நிலம். உத்தானம் என்பது அதன் பெயர். அந்நிலத்து உழவர் பலர்க்கு, நீரிழிவோ குருதி அழுத்தமோ இல்லாதிருந்தும் சிறுநீரகம் பழுதாகின்றது. முற்றுமான காரணத்தை அறிஞர் இன்னும் உறுதி செய்யவில்லை. அம்மக்களின் பொருட்டு 2023-ஆம் ஆண்டில் பலாசாவில் சிறுநீரக ஆராய்ச்சி மையமும் மருத்துவமனையும் திறக்கப்பெற்றன. இதனை யாம் ஈண்டுக் கூறுவதன் காரணம், “எனக்குச் சர்க்கரை இல்லை, ஆதலால் அச்சமில்லை” என்று எவரும் இருந்துவிடலாகாது என்பதே.

இனி நாம் செய்யத்தக்கன யாவை? நீரிழிவு, குருதி அழுத்தம் உடையவரும், குடும்பத்தில் சிறுநீரக நோய் கண்டவரும், வலி மாத்திரைகளை நெடுங்காலம் உண்டவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சிறுநீரில் புரதத்தையும் குருதியில் கிரியேட்டினினையும் சோதித்துக்கொள்ளவேண்டும். நோய் உள்ளதென அறிந்தவர் ஹீமோகுளோபினையும் பார்த்து வரவேண்டும். நடுக்கட்டத்தில் ஆண்டுக்கு ஒருமுறை, முற்றிய கட்டத்தில் இருமுறை, குருதித் தூய்மை செய்துகொள்வோர்க்கு மூன்று திங்கட்கு ஒருமுறை என்பது குறைந்த அளவு. இரும்பு மாத்திரை உண்பவர், அதனைத் தேநீரோடும் காப்பியோடும் சுண்ண மாத்திரைகளோடும் சேர்த்து உண்ணலாகாது. சேர்த்து உண்டால் இரும்பு உடலில் ஏறாது. சோதனைத் தாள்களை நாள் வரிசையில் ஒரு கோப்பில் வைத்துப் போற்றுங்கள். இன்றைய எண்ணைவிட, எண் எவ்வாறு இறங்கி வந்தது என்பதே மருத்துவர்க்கு மிக்க பயன் தருவது. கோப்பின் அருமையை எழுத்தர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இரயில்வே ஊழியர்க்கும் ஓய்வு பெற்றோர்க்கும் மருத்துவ வசதி உண்டு. அதனைப் பயன்படுத்தாமல் கடைக்காரரை நாடுதல் முறையன்று. இத்துறையைச் சாராத வறியவர்க்கு, 2016-ஆம் ஆண்டு தொடங்கிய தேசியக் குருதித் தூய்மைத் திட்டத்தின்கீழ் மாவட்ட மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் செய்துகொள்ள வழியுண்டு. நம் வீடுகளில் பணிபுரியும் எளியோர்க்கு இச்செய்தியை எடுத்துச் சொல்லுங்கள். கட்டணச் சலுகை பற்றி ஐயமுள்ளவர் எம்மை எந்நாளும் அணுகலாம். படிவத்தை நிரப்பித் தருவதை எம் கடமையாகக் கொள்கின்றோம்.

இறுதியாகச் சங்கத்தின் ஆட்சிக் குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் இவ்வரங்கில் கூடுகின்றோம். வருமாண்டு முதல், விழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையன்று இதே அரங்கில் குருதி அழுத்தமும் சர்க்கரையும் சிறுநீர்ப் புரதமும் ஹீமோகுளோபினும் சோதிக்க ஏற்பாடு செய்தல் வேண்டும். செலவு பெரிதன்று, ஒருவேளை விருந்தில் ஓர் இனிப்பைக் குறைத்தால் அது ஈடாகிவிடும். தாய்மண்ணை விட்டு ஆயிரங் கல் தொலைவில் வாழும் நமக்கு, அவசர வேளையில் ஓடிவர அத்தையும் மாமனும் அண்டை வீட்டில் இல்லை. நமக்கு உற்றார் இச்சங்கத்தாரே. ஒருவர் முகம் வெளிறியிருக்கக் கண்டால், “என்ன ஐயா, களைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டு நகராமல், கையைப் பிடித்துச் சோதனைச் சாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். அதுவே உறவு.

நோயற்ற வாழ்வு நம் அனைவர்க்கும் வாய்ப்பதாக! வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!